இடம்புரி

நாலு மணிக்குக் கவுண்டரை அடைத்த பிறகு
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு
அரைமணி நேரம் என்னுடையது.
மேனேஜருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பார்.
அவர் வாங்கிவைத்திருந்த விக்டோரியா ராணியை
இதே விளக்கில் நான்தான் பார்த்துச் சொன்னேன்:
கலர் ஜெராக்ஸ்.

மீனாட்சிபுரத்தில் தொடங்கிய பேச்சு
கடையநல்லூர் வரைக்கும் போய்விட்டது,
கேஷியரக்கா தபால்தலைக்கு நாடி பார்ப்பாங்க என்று.

இன்றைக்கு திவான் மைதீன்.
செங்கோட்டைப் பழைய பேப்பர் கடையில்
கிலோ பதினெட்டு ரூபாய்க்கு அள்ளிய கட்டில்
தப்பித்த ஒரே ஒரு உறை.
மகளின் ஹால் டிக்கெட் கவருக்குள்
அதைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்.
திருவிதாங்கூர் அஞ்சல். முக்கால் சக்கரம்.
செங்கோட்டைக்கு மலையாள ராஜா இருந்த காலத்தது.
"யக்கா, நெட்டுல நாப்பதாயிரம்னு போட்டுருக்கானுவ."

நெட்டில் போடுவான்.
நெட்டில் என் வயதையும்தான் குறைத்துப் போடலாம்.

முதலில் விளக்கு.
இந்தக் காலத்துத் தாள் என்றால்
சொட்டுநீலம் கூடிப்போன வேட்டிபோலப்
பளீரென்று தன்னையே காட்டிக்கொடுக்கும்.
இது மங்கலாகக் கிடந்தது. வயதான தாள்.
மைதீன் உறையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பல்.
அளவு அட்டையில் வைத்து எண்ணினால்
பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு.
ஆனால் ஏழாவது துளை சற்றே விலகி.
எந்திரம் விலகாது.
யாரோ தையல் ஊசியால் குத்தியிருக்கிறார்கள்,
வாய்க்குள் எண்ணிக்கொண்டே,
ஏழாவதில் தும்மியிருக்கிறார்கள்.

நீர்க்குறி பார்க்கப் பெட்ரோல் ஒரு சொட்டு போதும்.
அதற்குத் தலையை உறையிலிருந்து பிரிக்கவேண்டும்,
பிரித்தால் உறை செத்துப்போகும்.
ஆகவே லென்ஸ். பத்து மடங்கு.

எழுத்து சரி. ஓரக்கோடு சரி.
நடுவில் சங்கு.
ராஜா முத்திரையில் வைத்தது வலம்புரி.
தூத்துக்குடிக் கடலில் கூடைகூடையாய் ஏறுவது இடம்புரி.
இந்தத் தலையில் இருப்பதும் இடம்புரி.

கட்டையில் செதுக்குகிறவன்
எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும்.
எழுத்தை மாற்றத் தெரிந்திருக்கிறது அவனுக்கு.
சங்கு எழுத்தில்லையே,
கண்ட மாதிரியே செதுக்கிவிட்டான்.
தாளில் அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

"கள்ளத்தலை" என்றேன்.
மைதீன் ஹால் டிக்கெட் கவரை இரண்டாக மடித்தார்.
"பேப்பர் கடைக்காரன் பாத்த வேலையா?"
"அவனுடைய தாத்தாவே அப்ப பொறந்திருக்க மாட்டார்."

ஏனென்றால் முத்திரை பொய்யில்லை.
பாதி தலைமேல், பாதி உறைமேல்,
நடுவில் முறியாமல் ஒரே மூச்சில் ஊறிய மை.
முன்பக்கம் செங்கோட்டை.
திருப்பினால் புனலூர், மறுநாள் தேதி.

நம்மை ஏமாற்றச் செய்ததில்லை இது.
ராஜாவிடம் முக்கால் சக்கரம் மிச்சம் பிடிக்க
ஒருவன் இரவெல்லாம் கண் எரியக் கட்டை செதுக்கியிருக்கிறான்.
அஞ்சல்காரரும் பார்த்திருக்கலாம்.
பார்த்துவிட்டு ஓங்கிக் குத்தியிருக்கலாம்.
அந்தக் கள்ளம் ரயிலேறி
ஆரியங்காவு குகைக்குள் இருட்டி
மறுபக்கம் வெளிச்சத்தில் இறங்கி
யாரோ ஒருவர் கையில் சேர்ந்திருக்கிறது.

"அப்ப விலை?"
தபாலையே ஏமாற்றிய தலைக்கென்று
தனியாக அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன்.
நாற்பதாயிரம் வராது.
அசலைவிடக் கூட வரும்.
மைதீனுக்கு விளங்கவில்லை.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு
மடித்த கவரை நீவி நீவி நிமிர்த்தினார்.

வாயைத் திறந்து ஊதிப் பார்த்தோம்.
உறைக்குள் கடிதம் இல்லை.
"என்ன எழுதியிருப்பான்க்கா,
இவ்வளவு பாடுபட்டு?"
அதற்கு விளக்கு இல்லை என்னிடம்.
செங்கோட்டை பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

மறுநாள் காலை,
முதல் கட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டு,
பஞ்சில் விரலை நனைத்து எண்ணிக்கொண்டே வந்தேன்.
ஏழாவதில் தும்மல்.
வரிசையில் நின்றவர்கள் பார்க்க
மறுபடியும் ஒன்றிலிருந்து.